தரைக்கு வராத விலை

கம்ப்யூட்டர் வாங்க வந்த லிஃப்ட்காரர், விலை கொஞ்சம் இறங்கட்டும் என்று கடையில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். இருபத்தேழு வருஷம் கழித்துத்தான் எழுந்தார். அந்த இருபத்தேழு வருஷமும் அவருக்கு முப்பத்தெட்டு வயசுதான். தலையில் ஒரு முடி நரைக்கவில்லை, முகத்தில் தாடி வளரவில்லை, போட்டிருந்த சாம்பல் நிறச் சட்டையின் இஸ்திரி மடிப்புகூடக் கலையவில்லை. பசி, தூக்கம், மற்ற உபாதைகள் எதுவும் கிடையாது. அவர் உட்கார்ந்த அன்றைக்குக் கம்ப்யூட்டர் விற்ற விலை நாற்பத்திரெண்டாயிரம். அவர் சட்டைப்பையில் ஒரு பழுப்பு உறைக்குள் இருந்தது முப்பதாயிரம். பன்னிரண்டாயிரம் துண்டு விழுந்தது, அவ்வளவுதான் விஷயம்.

ஆளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒன்பது மாடி இன்ஷூரன்ஸ் ஆபீஸ் ஒன்றில் பத்தொன்பது வயசிலிருந்து லிஃப்ட் ஓட்டியவர். பெரிய வேலை ஒன்றுமில்லை. கூண்டுக்குள் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கதவுக்கு மேலே எரியும் நம்பர்களையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒன்பது, எட்டு, ஏழு என்று இறங்கி வரும். அவருக்கு முந்தி அந்த லிஃப்டை ஓட்டியவர் ஒருநாள் அவசரப்பட்டு, கூண்டு தரைக்கு அரையடி மேலே நிற்கும்போதே கதவைத் திறந்துவிட, ஒரு கிளார்க்கின் கால் போய்விட்டது. அதனால் இவருக்கு ஒரே சட்டம்: உள் தரையும் வெளித் தரையும் சமமாகாமல் கதவைத் திறக்கக் கூடாது. மேனேஜரே கத்தினாலும் திறக்க மாட்டார். சனிக்கிழமை அரை நாள் பள்ளிக்கூடம் விட்டதும் அவருடைய ஒரே மகள் வந்து கூண்டில் ஏறிக்கொள்ளும். பொடிசு என்றுதான் கூப்பிடுவார். ஒவ்வொரு மாடியையும் அதுதான் கூவிச் சொல்லும். கீழே வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கிரவுண்ட் வந்தாச்சு, பாத்து எறங்குங்க!" என்று அது சொன்னால்தான் அவர் கதவைத் திறப்பார். அந்தக் கூத்துக்காக ஆபீஸ் ஆட்கள் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சிரித்தபடி நிற்பார்கள்.

அந்த ஆபீஸின் நாலாவது மாடிக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது பொடிசுக்குப் பன்னிரண்டு வயசு. அங்கே வேலை பார்த்த ஒரு அம்மா அதைக் கூப்பிட்டு, உன் பேரை அடித்துப் பார் என்று விட்டிருக்கிறார். கண்ணாடிக்குள் பச்சை எழுத்தில் தன் பேர் எரிவதைப் பார்த்துவிட்டு வந்த பொடிசு, அன்றைக்கு ஒரு மாடியைக்கூடக் கூவவில்லை. இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள், "அப்பா, அது மாதிரி ஒண்ணு நமக்கு வருமா?" என்று கேட்டது. ஊர்க்கோடியில் ஒரு மனை வாங்கலாம் என்று பதினொரு வருஷமாகச் சேர்த்த முப்பதாயிரம் வீட்டில் இருந்தது. "நான் உக்காந்த ஸ்டூல்ல எம்பொண்ணு உக்காரக் கூடாது" என்று ஒரே வரியில் முடிவு எடுத்தார் லிஃப்ட்காரர். அவர் மனைவி ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் போர்வை துவைக்கிறவர். "மனை எங்கயும் ஓடிடாது, மொதல்ல அதுக்கு வாங்கிக் கொடுங்க" என்று தன் கையாலேயே பணத்தை உறையில் போட்டுக் கொடுத்தார். நல்ல மனுஷி. இந்தக் கதையில் யாருக்காவது நியாயம் கிடைத்திருக்க வேண்டும் என்றால் அது அந்த அம்மாவுக்குத்தான். கிடைக்கவில்லை.

எங்கள் தெருவில் அப்போது நாற்பது கடைகள், நாற்பதிலும் கம்ப்யூட்டர் சாமான். காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே அன்றைய விலைச் சீட்டு ஜெராக்ஸ் எடுத்துக் கைக்கு வந்துவிடும். நேற்றைய சீட்டில் பஜ்ஜி எண்ணெயைத் துடைத்துப் போடலாம், வேறு எதற்கும் உதவாது என்று சொல்லுவோம், அப்படி விலை மாறும். அந்த நாற்பது பேரில் பொய் சொல்லத் தெரியாத வியாபாரி ஒருத்தர் இருந்தார். யார் வந்து எதைக் கேட்டாலும் "அடுத்த மாசம் வாங்க, எறங்கிடும்" என்பார். அதனால் அவருக்கு அடுத்தமாசம் என்றே பேர் விழுந்துவிட்டது. லிஃப்ட்காரர் நாற்பது கடை இருக்க நேராக இந்த அடுத்தமாசம் கடையில் போய் ஏறினார். கெட்ட நேரம் என்பது வேறு என்ன?

"அண்ணே, இன்னைக்கு வாங்காதீங்க" என்றார் அடுத்தமாசம். அப்போது அவருக்கு முப்பத்தொரு வயசு. "அடுத்த மாசம் முப்பத்தெட்டுக்கு வந்துடும்."

"அதுக்கப்புறம், தம்பி?"

"அதுக்கப்புறமும் எறங்கும். இந்த வியாபாரத்துல எறங்காத நாளே இல்ல. ஆறு மாசத்துல முப்பது."

லிஃப்ட்காரர் சுவரில் இருந்த விலைப் பலகையைப் பார்த்தார். நாற்பத்திரெண்டு என்று சாக்பீஸில் எழுதியிருந்தது. இறங்கி வரும் நம்பரைப் பார்த்துக்கொண்டு உட்கார்வதுதானே அவர் செய்துகொண்டிருந்த வேலை. "அப்ப நான் இங்கயே உக்காந்துக்கறேன். முப்பது வந்தா எனக்கு கிரவுண்ட்" என்றார். ஏதோ டீ வருகிற வரைக்கும் சொல்லுகிறார் என்று அடுத்தமாசம் நினைத்தார். டீ வந்தது, வேண்டாம் என்றார். சாயங்காலம் ஷட்டரை இறக்கும் நேரமும் வந்தது, அவர் பாட்டுக்குப் பலகையைப் பார்த்தபடி இருந்தார். விளக்கை எரியவிட்டுப் போகவா என்று கேட்டதற்கு, நம்பர் ஞாபகம் இருக்கிறது, கரண்டை வீணாக்காதீங்க என்றாராம். மூன்றாம் நாள் ஒரு டாக்டர் வந்து நாடி பிடித்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். "ஆளுக்கு ஒண்ணுமில்ல, காத்துக்கிட்டிருக்கார்" என்று சொல்லிவிட்டு, வந்த வேலைக்கு ஒரு மவுஸ் வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்தமாசம் சொன்னது சொன்னபடி நடந்தது. விலை மாசத்துக்கு ஒரு மாடி, இரண்டு மாடி என்று இறங்கியது. ஆயிரத்தை மாடி என்றுதான் லிஃப்ட்காரர் சொல்லுவார். ஆறாம் மாசம் முப்பதாயிரத்து ஐந்நூறு. அவர் உறையை வெளியே எடுத்துத் தொடையின் மேல் வைத்துக்கொண்டார். அந்தச் செவ்வாய்க்கிழமைதான் புது மெஷின் வந்து இறங்கியது. அடுத்தமாசம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்தாரா? "இது பழசாயிடுச்சுண்ணே. நாலு மடங்கு வேகமா புதுசு வந்திருக்கு" என்றார். அது எவ்வளவு என்று கேட்டார் லிஃப்ட்காரர். நாற்பத்திரெண்டு. உறை மறுபடி சட்டைப்பைக்குள் போயிற்று. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் வாங்கப்போகிறோம், அதையும் பழசாக வாங்கிக்கொண்டு போய்ப் பிள்ளை கையில் எப்படிக் கொடுப்பது என்பது அவர் வாதம். அன்றைக்கு ஆரம்பித்த சனியன் இது. ஒவ்வொரு வருஷமும் புது மெஷின் நாற்பத்திரெண்டுக்கு வரும். முப்பத்தொன்று வரைக்கும் இறங்கும். இறங்கி முடிப்பதற்குள் அது பழசாகி இன்னொரு நாற்பத்திரெண்டு வந்து நிற்கும். உண்மையையே பேசி ஒரு குடும்பத்தைக் கெடுத்த வியாபாரி எனக்குத் தெரிந்து அடுத்தமாசம் ஒருத்தர்தான். பாவம், அந்த முதல் மெஷினை மட்டும் அவர் யாருக்கும் விற்கவில்லை. ஒரு துணியைப் போட்டு மூடி, கண்ணாடி அலமாரியின் அடித்தட்டில் வைத்துவிட்டார்.

சும்மா கொடுத்துப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். கொடுத்தார். முப்பதுக்கே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார், பாதி விலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். இரண்டாம் வருஷம் தெருக்காரர்கள் நாற்பது பேரும் சேர்ந்து ஒரு மெஷினைப் பெட்டியோடு கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தோம். நாலு மாடி மேலே நிற்கும்போது கதவைத் திறக்கச் சொல்கிறீர்களே, யார் கால் போவது என்று எங்களையே திட்டினார். அதற்கப்புறம் நாங்கள் வாயைத் திறக்கவில்லை. ஆபீஸில் அவர் வேலைக்கு மூன்றாம் மாசமே வேறு ஆள் வந்தாயிற்று. நாலாம் வருஷம் ஆளே வேண்டாத லிஃப்ட் வந்தது. தெருவில் அவர் ஒரு அடையாளமாகிப் போனார். புதிதாக வருகிறவர்களுக்கு வழி சொல்லும்போது, லிஃப்ட்காரர் உட்கார்ந்திருக்கிற கடைக்கு எதிரே என்போம். முதல் ஒன்றிரண்டு வருஷம் பார்க்கக் கூட்டம் வந்தது, அப்புறம் விளக்குக் கம்பத்தை யார் நின்று பார்க்கிறார்கள்?

அவர் மனைவி மட்டும் வந்தார். தினமும் ஆஸ்பத்திரி ஷிஃப்ட் முடிந்து ஐந்தரைக்கு, கையெல்லாம் சோப்பில் வெளுத்துப் போய் வருவார். கடையில் ஸ்டூல் ஒன்றுதான், அதில் அவர் இருந்தார். எனவே இந்த அம்மா கவுண்டர் ஓரம் நிற்பார், அரை மணி நேரம். வீட்டு விஷயம் சொல்லுவார். அவரும் நன்றாகத்தான் பேசுவார், கேலியெல்லாம் செய்வார். கண் மட்டும் பலகையில் இருக்கும். ஒருநாள் அந்த அம்மா பொறுக்க முடியாமல், "எனக்கு மிஷினும் வேணாம் மண்ணும் வேணாம், எழுந்து வீட்டுக்கு வாங்க" என்று சொல்லி அழுதார். "இவ்ளோ நாள் உக்காந்துட்டு இப்ப எழுந்தா அத்தனையும் வேஸ்ட்டு. இன்னும் ரெண்டே மாடி" என்றார் இவர். எனக்கு இந்த ஆள் மேல் இன்றைக்கும் கோபம்தான், அதை மறைக்கப்போவதில்லை. ஏழாம் வருஷம் அந்த அம்மா அடுத்தமாசத்தைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரே ஒரு பொய் எழுதச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டார். அடுத்தமாசம் வியர்த்து விறுவிறுத்து, புது மெஷினுக்கு நேரே இருபத்தொன்பது என்று எழுதினார். லிஃப்ட்காரர் பார்த்தார். எதிர்க் கடைப் பலகையையும் எட்டிப் பார்த்தார். "தப்பா எழுதிட்டீங்க தம்பி, ஏழு மாடி இடிக்குது. உங்களுக்கு நஷ்டமாயிடும்" என்று பரிவோடு சொன்னார். அடுத்தமாசம் அழித்து எழுதினார். அந்த அம்மா மறுநாளிலிருந்து அழவில்லை. வந்து நின்றுவிட்டுப் போவார்.

இதற்கிடையில் ஊரில் இறங்கிய விலை அது ஒன்றுதான். வாடகை ஏறியது, பள்ளிக்கூடச் சம்பளம் ஏறியது, ஆஸ்பத்திரிக் கட்டில் ஏறியது. ஓடிப் போகாது என்று அந்த அம்மா சொன்ன மனை ஓடியே போய்விட்டது. பத்தாம் வருஷம் அதன் விலையைக் கேட்டவர்கள் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள். லிஃப்ட்காரருக்கு வயசாகவில்லை, ஆனால் அவர் பையில் இருந்த பணத்துக்கு வயசாகிக்கொண்டே போனது. அந்த அம்மா இரண்டு ஷிஃப்ட் பார்த்தார். உறையைக் கொடுங்கள் என்று ஒருநாளும் கேட்கவில்லை. ஒருவேளை கேட்டிருந்தால் கொடுத்திருப்பாரோ என்னவோ, அது யாருக்கும் தெரியாது.

முறை வைத்துக் கூப்பிடுவதில்தான் பெரிய சங்கடம் வந்தது. அண்ணே அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த அடுத்தமாசத்துக்கு ஏழு வருஷத்தில் அவர் வயசு வந்துவிட்டது. எட்டாம் வருஷம் எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் பேச்சையே குறைத்துக்கொண்டார். பன்னிரண்டாம் வருஷம் வாய் தானாகத் தம்பி என்றது. லிஃப்ட்காரர் பழைய பழக்கத்தில் அவரைத் தம்பி என்றுதான் கூப்பிட்டார். ஆக ஒரு கடைக்குள் இரண்டு ஆம்பிளைகள் ஒருவரை ஒருவர் தம்பி, தம்பி என்று கூப்பிட்டுக்கொண்டு பதினைந்து வருஷம் இருந்தார்கள். அடுத்தமாசத்துக்குத் தொப்பை போட்டது, மூட்டு வலி வந்தது, பல் கட்டிக்கொண்டார். எதிரே இவர் அதே இஸ்திரி மடிப்போடு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது வயிறு எரியும் என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்.

பொடிசு வளர்ந்தது. முதல் இரண்டு மூன்று வருஷம் பள்ளிக்கூடம் விட்டு நேரே கடைக்கு வந்து, மானிட்டர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் வீட்டுப்பாடம் எழுதும். எழுதி முடித்துவிட்டு, "இன்னைக்கு எத்தனாவது மாடிப்பா?" என்று கேட்கும். அவர் முப்பத்தேழு என்பார், முப்பத்தாறு என்பார், இரண்டு பேரும் சந்தோஷமாக இருப்பார்கள். பதினைந்து வயசில் அந்தக் கேள்வி நின்றது. பதினேழு வயசில் ஒருநாள் அவர் எதிரே வந்து நின்று, "எங்க ஸ்கூல்லயே பத்து கம்ப்யூட்டர் இருக்கு. எனக்கு அப்பாதான் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள்; ஆமாம், அதற்குள் அவளை அவள் என்று சொல்லும்படி ஆகிவிட்டது. அவர் முகம் ஒருமாதிரி ஆனது. ஆனாலும், பள்ளிக்கூடத்து மெஷின் பள்ளிக்கூடத்தோடது, உனக்கு என்று ஒன்று வர வேண்டாமா என்று அவள் போன பிறகு வாசலைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். பத்தொன்பது வயசில் அவளுக்கு ஒரு கப்பல் கம்பெனி ஆபீஸில் டைப்பிங் வேலை கிடைத்தது, மேஜைக்கு மேஜை கம்ப்யூட்டர். இருபத்தாறில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டாரிடம் அப்பாவுக்கு வெளியூரில் வேலை என்று சொல்லி வைத்திருந்தார்கள். கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு வந்து அறிமுகம் செய்தாள். முப்பத்தெட்டு வயசு மாமனாரை முப்பது வயசு மருமகன் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நல்ல மனுஷன், ஒன்றும் கேட்காமல் காலைத் தொட்டுக் கும்பிட்டார்.

பலகையில் எழுதும் சாமான்கள் மாறிக்கொண்டே இருந்தன. ஒரு கணக்கு சொல்கிறேன். அவர் உட்கார்ந்தபோது ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கக் கல்யாணத்துக்குப் போடுகிற வளையலை விற்க வேண்டும். அதில் இரண்டு பாட்டுகூடக் கொள்ளாது. பதினைந்தாம் வருஷம், ஒரு நல்ல சட்டை விலைக்கு ஊரில் உள்ள பாட்டெல்லாம் பிடிக்கிற டிஸ்க் வந்தது. மெமரியைக் கடிகாரம் மாதிரி பூட்டி வைத்து விற்றவர்கள், அப்புறம் அதைப் பிடி பிடியாக அள்ளிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தார்கள். கண்ணாடிப் பெட்டி மானிட்டர்கள் போய்த் தட்டை மானிட்டர் வந்தது. பழைய மானிட்டர்களைச் சும்மா கொடுத்தால்கூட எடுக்க ஆளில்லாமல், தெருமுனையில் மழையில் நனைந்து கிடந்தன. இத்தனையும் அவர் கண் முன்னால்தான் நடந்தது. எல்லாம் இறங்கிற்று. அவர் கேட்ட ஒன்று மட்டும் முப்பதுக்கு வந்து சேரவில்லை.

பத்தொன்பதாம் வருஷம் அந்த அம்மா ஒரு வியாழக்கிழமை வரவில்லை. ஆஸ்பத்திரியில் போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே அந்த அடுக்கின் மேல் தலையை வைத்துக்கொண்டாராம். தூங்குகிறார் என்று நினைத்து யாரும் எழுப்பவில்லை. ஐம்பத்திமூன்று வயசு. மகள் கடைக்கு வந்து சொன்னாள். அன்றைக்குப் பலகையில் முப்பதாயிரத்து நானூறு இருந்தது, அத்தனை வருஷத்தில் அவ்வளவு கீழே வந்ததே இல்லை. லிஃப்ட்காரர் இரண்டு கையையும் முட்டியில் ஊன்றினார். எழுந்துவிட்டார் என்றே நாங்கள் நினைத்தோம். "இன்னும் அரை மாடிகூட இல்லம்மா. இவ்ளோ தூரம் அவளும்தானே நின்னா" என்றார், கை தளர்ந்து உட்கார்ந்துவிட்டார். மகள் அவரை அடித்தாள். நெஞ்சிலும் தோளிலும் மாறி மாறி அடித்தாள், யாரும் தடுக்கவில்லை. அவள் போன பிறகு அவருடைய வலது கண்ணிலிருந்து ஒரு சொட்டு இறங்கி, கன்னத்தின் நடுவில் வந்து நின்றது. காத்திருக்கிற ஆளுக்கு எல்லாம் நிற்கும்போது அது மட்டும் எப்படிப் போகும்? எட்டு வருஷம் அங்கேயே நின்றது. அடுத்தமாசம் ஒருமுறை துணியால் துடைத்துப் பார்த்தார். துணிதான் நனைந்தது, சொட்டு அப்படியே இருந்தது.

இதையும் சொல்லிவிட வேண்டும். இருபத்திரண்டாம் வருஷம் எங்கேயோ ஒரு தேசத்தில் டிஸ்க் செய்கிற தொழிற்சாலைகள் வெள்ளத்தில் மூழ்கி, எங்கள் தெருவில் முதல்முறையாக விலை ஏறியது. ஐந்து மாசம் ஏறிக்கொண்டே போனது. அந்த ஐந்து மாசமும் லிஃப்ட்காரருக்கு வயசு குறைந்தது. எப்போதோ பிடுங்கிய கடைவாய்ப் பல் மறுபடி முளைத்தது. கன்னத்தில் நின்ற சொட்டு அரை அங்குலம் மேலே ஏறிக் கண்ணுக்குப் பக்கத்தில் போனது. தண்ணீர் வடிந்து விலை இறங்கியதும் பல் விழுந்தது, சொட்டும் பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தது.

மகள் மூன்று வருஷம் அந்தப் பக்கமே வரவில்லை. அப்புறம் வந்தாள். ஏன் வந்தாய் என்று நான் கேட்டபோது, "கோவத்தை வெச்சுக்கிட்டு என்ன பண்றது, இருக்கறது ஒரு அப்பா" என்றாள். பிள்ளை பிறக்கவில்லை. கணவர் ஒரு கப்பலில் வேலை கிடைத்துப் போனவர் பணம் மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தார், பிறகு அதுவும் நின்றது. அவள் ஆபீஸ் விட்டு ஐந்தரைக்கு வந்து, அம்மா நின்ற அதே கவுண்டர் ஓரம் நிற்பாள். அவளுக்கு முப்பத்தெட்டு வயசு முடிந்த அன்றைக்கு அப்பாவைத் தாண்டிவிட்டாள். கடைக்கு வந்த ஒருத்தர், "உங்க தம்பியாம்மா?" என்று கேட்டார்.

இருபத்தேழாம் வருஷம் கடையை மூடினார் அடுத்தமாசம். விலை இறங்கி இறங்கி, விற்றால் டீச்செலவுக்குக்கூடக் காணாது என்ற நிலைக்கு வந்தாயிற்று. சனங்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே போனில் தட்டி வாங்கினார்கள். நாற்பது கடையில் ஆறு மிஞ்சியிருந்தன. பழைய சாமான்காரர் தராசோடு வந்து, கீபோர்டு ஒரு கிலோ, போர்டு ஒரு கிலோ என்று மூட்டை கட்டினார். கடைசியில் கடையில் இருந்தவை ஸ்டூல், அதில் லிஃப்ட்காரர், துணி போட்டு மூடிய முதல் மெஷின், சுவரில் பலகை. அடுத்தமாசம் ஈரத் துணியை எடுத்துப் பலகையைத் துடைத்தார். இத்தனை வருஷத்தில் அதை முழுசாக யாரும் துடைத்ததில்லை, ஒரு நம்பரை அழித்தால் இன்னொரு நம்பர் எழுதுவதுதான் வழக்கம். லிஃப்ட்காரர் பதறிப்போய், "எவ்வளவு தம்பி? இப்ப எவ்வளவு?" என்று கேட்டார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன் துணியைப் பிழிந்து ஆணியில் மாட்டினார்.

மகள் கவுண்டர் ஓரம் நின்றிருந்தாள். இவரை இனி எங்கே கொண்டுபோய் வைப்பது, ஸ்டூலோடு தூக்கி வண்டியில் ஏற்றுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தவள், பலகையைப் பார்த்தாள். கறுப்பாக, ஈரமாக, ஒன்றுமே இல்லாமல் இருந்தது. அலுப்பில்தான் சொன்னேன், வேறு எதையும் நினைத்துச் சொல்லவில்லை என்று பிற்பாடு என்னிடம் சத்தியம் செய்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"கிரவுண்ட் வந்தாச்சு. பாத்து எறங்குங்க."

லிஃப்ட்காரர் எழுந்தார். முட்டி மடக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். லிஃப்ட் கதவைத் தள்ளுகிற மாதிரி வலது கையை ஒருமுறை வெறும் காற்றில் தள்ளிவிட்டு இரண்டடி நடந்தார். கன்னத்தில் நின்ற சொட்டு இறங்கித் தாடைக்கு வந்து தரையில் விழுந்தது. அதன் பின்னால் மற்றவையும் வந்தன. "அய்யோ, அவ போயிட்டாளே" என்று கடை நடுவில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். எட்டு வருஷத்துக்கு முந்தி அழ வேண்டிய அழுகை. அடுத்தமாசமும் அழுதார். மகள் மட்டும் அழவில்லை, வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். சனிக்கிழமைகளில் அவள் சொன்னால்தான் அவர் கதவைத் திறப்பார் என்பது அவளுக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். இருபத்தேழு வருஷமும் எல்லாரும் விலையைப் பற்றியே பேசினோம். பலகை காலியானதால்தான் அந்த வார்த்தை வேலை செய்தது என்று தெருவில் சிலர் சொல்கிறார்கள். அவள் அதை நம்பவில்லை. பன்னிரண்டு வயசிலேயே சொல்லியிருக்கலாமே என்று என்னிடம் ஒருதடவை கேட்டாள்.

வீட்டுக்குப் போனார்கள். மகளுக்கு அது எட்டு வருஷப் பழைய சாவு, அவருக்கு அன்றைக்கு நடந்தது. அக்கம்பக்கத்தில் அதைப் புரிந்துகொண்டார்கள். எட்டு வருஷத்துக்கு முந்தி துக்கம் கேட்டு வந்தவர்களில் உயிரோடு இருந்தவர்கள் மறுபடி வந்து, சுவரோரம் உட்கார்ந்து, போன தடவை சொன்னதையே சொல்லிவிட்டுப் போனார்கள். சலவைப் பிரிவிலிருந்து இரண்டு அம்மாக்கள் வந்தார்கள். பழுப்பு உறையை அவர் மகளிடம் கொடுத்தார், செலவாகவில்லை, முழுசாக மிச்சம் என்றார். அதில் பாதி நோட்டு செல்லாததாகிப் போயிருந்தது. செல்லுகிற பாதிக்கு ஒரு நாற்காலி வந்தது.

பதினாறாம் நாள், அடுத்தமாசம் கொண்டுவந்து கொடுத்த அந்த முதல் மெஷினை மேஜையில் வைத்து வயரைச் சொருகினார்கள். அடுத்தமாசம் வருஷா வருஷம் துடைத்து வைத்திருந்ததால் உயிர் இருந்தது. பொடிசு புது நாற்காலியில் உட்கார, அவர் பின்னால் நின்றார். உட்காருங்கள் என்று சொல்லியும் உட்காரவில்லை. மெஷின் உறுமிக்கொண்டே பதினொரு நிமிஷம் எடுத்தது. இவ்வளவு நேரமா ஆகும் என்று கேட்டார். ஆகும்பா, இருங்க என்றாள். பிறகு பச்சையாக ஒரு கோடு மினுக்கியது. முப்பத்தொன்பது வயசுப் பெண் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தன் பேரை அடித்தாள், ஆபீஸில் பத்து விரலாலும் பார்க்காமல் அடிக்கிறவள். அவர் குனிந்து படித்தார்.

"உங்கம்மா பாத்திருக்கணும்" என்றார்.

"பாத்தாங்கப்பா" என்றாள் அவள். "பத்தொம்பது வருஷம் நின்னு பாத்தாங்க."

அன்றைக்கிலிருந்து அவருக்கும் வயசாகிறது. இந்த வருஷம் மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்த பெண் அந்த வீட்டு வாசலில் நின்று எழுதினாள்: அப்பாவுக்கு ஐம்பது, மகளுக்கு ஐம்பத்தொன்று. எழுதிவிட்டுப் பேனாவைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். பக்கத்து வீட்டு அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர், "சரியாத்தாம்மா சொல்றாங்க, எழுதிக்கோ" என்றார். அவள் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.